உள்ளபடி எழுதியவர்களுக்கு நன்றி

சேலத்திலும் ஏற்காட்டு மலை ஊர்களிலும் வீட்டுக்குள் வதைபடும் பெண்களுக்குத் துணை நிற்கும் நாங்கள், கைகொடுத்தவர்களுக்கு எழுதும் மடல் இது.

முதல் நன்றி அவசரப் பிரிவு நர்சுகளுக்கு. கூட வந்த கணவரை "சீட்டு போட்டுட்டு வாங்க" என்று வெளியே அனுப்பிவிட்டு, "வீட்டுல யாராச்சும் கை வைக்கிறாங்களாம்மா?" என்று தனியாகக் கேட்டீர்கள். அவர் பக்கத்தில் நின்றால் "படியில வழுக்கிட்டேன்" என்றுதான் பதில் வரும். அது ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) புத்தகத்தில் ஏறிவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொள்வார். எந்த நாள், எத்தனை மணி, யார், எதால் அடித்தார், காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று டாக்டர்கள் எழுதியதுதான் கோர்ட்டில் பேசுகிறது.

கழுத்தை நெரித்ததாகச் சொன்னவர்களை, தடம் இல்லையே என்று நீங்கள் திருப்பி அனுப்பவில்லை. குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, கண்ணில் சிவப்புப் புள்ளி உண்டா என்று பார்த்து அட்மிட் செய்தீர்கள். வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே வீங்கி, பல மணி நேரம் கழித்தும் மூச்சு அடைக்கலாம். கழுத்தில் கை வைத்தவன் பின்னால் கொலைவரை போகும் ஆபத்தும் பல மடங்கு அதிகம்.

எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலும் கொலுசுப் பட்டறைத் தெருக்களிலும் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காக்களே, அடி விழுந்தால்தான் கொடுமை என்று நீங்கள் காத்திருக்கவில்லை. சம்பளத்தன்று ஏ.டி.எம். கார்டைப் பிடுங்குவது, போனை நோண்டுவது, அம்மா வீட்டோடு பேசவிடாதது, பத்து நிமிடம் தாமதமானால் நடத்தையைப் பழிப்பது என எல்லாவற்றையும் கவனித்தீர்கள். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பேச்சாலும் பணத்தாலும் செய்யும் கொடுமையும் அடங்கும். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

அந்தப் பெண் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் எடுத்துக்கொள்ள, உங்கள் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்த மஞ்சப்பையில் ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் போட்டோ, மாத்திரை, பஸ்ஸுக்குப் பணம் எல்லாம் இருந்தன. "போறேன்னு அவருகிட்ட சொல்லிராத கண்ணு" என்று தடுத்ததும் நீங்கள்தான். பிரியப் போகிறாள் என்று தெரியும் நேரத்தில்தான் ஆபத்து கூடும்.

பெண்கள் உதவி எண் 181-ல் போன் எடுத்தவர்களே, "இப்ப பேசலாமாம்மா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?" என்று முதலில் கேட்டதற்கு நன்றி. மகளிர் காவல் நிலையத்தில் "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லாமல் மனுவை வாங்கி, மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். "அடிக்கடி அடிப்பார்" என்று எழுதினால் மாஜிஸ்திரேட்டால் எதைப் பிடித்து உத்தரவு போட முடியும்? தேதி மறந்தவர்களிடம் "பொங்கலுக்கு முந்தியா, ஆடிப்பெருக்குக்கு அப்புறமா?" என்று பொறுமையாகக் கேட்டுச் சம்பவ அறிக்கையை நிரப்பினீர்கள். அதனால்தான் இடைக்கால உத்தரவு சீக்கிரம் வந்தது. வீடு மாமனார் பேரில் இருந்தாலும் மருமகளுக்கு அங்கே குடியிருக்க உரிமை கிடைக்கலாம் என்ற 2020-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்து வைத்தவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள், எண் 15100.

டி.சி. இல்லாமல் வந்த பிள்ளைகளை அன்றே வகுப்பில் உட்காரவைத்த தலைமை ஆசிரியர்களுக்கும் நன்றி. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. டி.சி. வாங்கப் பிள்ளைகளின் அம்மா பழைய ஊருக்குப் போக வேண்டியதில்லை என்று அவர்களே பழைய பள்ளிக்குக் கடிதம் எழுதினார்கள்.