வருகை கிடைக்காமலும் கதவைத் திறந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் பணியாளர் வாரந்தோறும் சென்று, பெற்றோரோடு உட்கார்ந்து பேசி, விளையாடும் வழிகளைப் பழக்கும் திட்டத்தால் பயன் உண்டா என்று பார்க்கும் ஆய்வு முடிந்திருக்கிறது. இப்படிப்பட்ட மடல்களில் கடைசி வரியில் வந்துபோகும் ஒப்பீட்டுக் குழுக் குடும்பங்களுக்கே எங்கள் முதல் நன்றி.

யாருக்கு வருகை, யார் ஒப்பீட்டுக்கு மட்டும் என்று பிரித்த குலுக்கலில் உங்கள் பெயர் ஒப்பீட்டுப் பக்கம் விழுந்தது. வாராந்திர வருகை இல்லை, விளையாட்டுப் பொருள் இல்லை. அளவெடுக்கவும் கேள்வி கேட்கவும் மட்டுமே ஆள் வந்தார். குழந்தைக்கு நடையும் பேச்சும் வயது ஏறஏறத் தானே கூடும். அதனால் வருகை பெற்ற வீடுகளை மட்டும் பார்த்தால் எந்தத் திட்டமும் வெற்றிபோலத்தான் தெரியும். இங்கிலாந்தில் 1,645 இளம் தாய்மாரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, செவிலியர் வருகையால் கர்ப்பகாலப் புகைப்பழக்கத்திலோ பிறப்பு எடையிலோ கூடுதல் பயன் தெரியவில்லை என்றது. ஜமைக்காவில் 1986–87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளோடு தொடங்கிய ஆய்விலோ, வாரம் ஒரு மணி நேரமாக இரண்டு ஆண்டுகள் வருகை பெற்றவர்களின் வருமானம் 20 ஆண்டுகளுக்குப் பின் 25 சதவீதம் அதிகமாக இருந்தது. எவரைவிட அதிகம்? வருகை பெறாதவர்களைவிட. அவர்களையும் தேடிப் பிடித்ததால்தான் அந்த எண் கிடைத்தது.

வீடு மாறியபின் புதுத் தொலைபேசி எண்ணைத் தெரிவித்தவர்களுக்கும் நன்றி. இரு குழுவிலும் சம எண்ணிக்கையில் ஆள் குறைந்தால் பாதகமில்லை என்று நினைப்பதுண்டு. அது சரியல்ல; யார் குறைகிறார்கள் என்பதே முக்கியம். வேலையும் வாடகையும் நிலையில்லாத குடும்பங்கள்தான் பெரும்பாலும் முதலில் விட்டுப்போகும்.

சில வருகைகளோடு போதும் என்றவர்களும் கடைசி அளவீட்டுக்கு இசைந்தீர்கள். உங்களை வருகைக் குழுவிலேயே வைத்துத்தான் கணக்கிட்டோம். நீக்கியிருந்தால், விடாமல் தொடர்ந்த பெற்றோரின் இயல்பான ஆர்வமும் திட்டத்தின் சாதனையாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

வருகைப் பணியாளர்களே, பொம்மையைக் குழந்தையிடம் நீட்டாமல் தாயின் கையில் கொடுத்தீர்கள். நீங்களே விளையாடினால் குழந்தை சிரிக்கும், தாய் வேடிக்கை பார்ப்பார். நீங்கள் போனதும் எல்லாம் நின்றுவிடும். அன்றைய பாடம் அடுக்கு விளையாட்டு, ஆனால் நேரமெல்லாம் கடன் பிரச்சினையிலேயே போனது என்றால், அதையே எழுதினீர்கள். நடக்காத வருகைக்குக் காரணமும் குறித்தீர்கள். எல்லாக் கட்டத்திலும் சரிக்குறி போட்டு வரும் படிவத்தை வைத்துக்கொண்டு, திட்டம் தோற்றதா அல்லது நடக்கவே இல்லையா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அளவெடுத்தவர்களுக்கு எந்த வீடு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. அவர்கள் வருமுன் திட்டத்தின் பொம்மைகளை உள்ளே எடுத்துவைத்த தாய்மாருக்குத் தனி நன்றி. இரண்டு வயதுக்குக் கீழே குழந்தையின் உயரத்தைப் படுக்கவைத்தே அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்துவார். நிற்கவைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. குறையும். தூங்கி எழுந்த, பசியில்லாத நேரம் பார்த்து மறுபடி வந்த பொறுமையும் பெரிது. அழுகிற குழந்தையின் வளர்ச்சிச் சோதனை மதிப்பெண் அழுகையைத்தான் அளக்கும்.

மேற்பார்வையாளர்களே, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான எடின்பரோ வினாத்தாளின் 10ஆவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'இல்லவே இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அன்றே அந்தத் தாயிடம் பேசி மருத்துவரிடம் சேர்த்தீர்கள். படிவம் அலுவலகம் வந்துசேரட்டும் என்று காத்திருக்கவில்லை.

குலுக்கல் பட்டியலைப் பூட்டிவைத்தவருக்கும், ஒரே தாளை இருவராக இருமுறை தட்டச்சு செய்து பிழை பிடித்தவர்களுக்கும் நன்றி.

முடிவுகளின் எளிய சுருக்கம் இரு குழு வீடுகளுக்கும் ஒரே சமயத்தில் வந்துசேரும். ஒப்பீட்டுக் குழுவில் விரும்புவோருக்கு விளையாட்டுப் பொருள்களும் வழிகாட்டி அட்டைகளும் அதனுடனேயே தரப்படும்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்