ஸ்பியான் காப் மலையில் தூளி சுமந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பிதழில் இளவயதுச் சர்ச்சிலைப் பற்றிய கட்டுரையை என் பேத்திக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் அங்கே குடியேறிய டச்சு வழியினரான போயர்களுக்கும் நடந்த போரில், செய்தியாளராகப் போன இடத்தில் போயர்களிடம் சிக்கியது, பிரிட்டோரியாவில் சிறைக்கூடமாக்கிய பள்ளியின் சுவரேறிக் குதித்தது, நிலக்கரிச் சுரங்கத்தில் எலிகளோடு பதுங்கியது, சரக்கு ரயிலில் கம்பளிப் பொதிகளுக்கு நடுவே எல்லை கடந்தது என ஒவ்வொன்றும் மயிர்க்கூச்செறிய வைத்தது. அப்போது அவருக்கு வயது 25தான். அந்தத் துணிவை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் 1899 டிசம்பர் 23 அன்று டர்பனில் கிடைத்த வரவேற்போடு கட்டுரை முடிந்துவிட்டது. சர்ச்சில் அதன்பின் குதிரைப்படை லெப்டினன்டாகப் போர்முனைக்குத் திரும்பினார். 1900 ஜனவரி 24 அன்று ஸ்பியான் காப் மலையில் சண்டை நடந்தபோது அதில் ஏறி இறங்கித் தளபதிகளுக்குச் செய்தி கொண்டுபோனார். எதிரணியான போயர் படையை நடத்திய லூயி போத்தா பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் முதல் பிரதமரானார். காயம்பட்ட ஆங்கிலப் படையினரைச் சுமந்த இந்தியர் படைக்குத் தலைமை தாங்கியவர், 30 வயது வழக்கறிஞர் காந்தி!

அந்தப் படையினர் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். குண்டு பாயும் எல்லைக்குள் அவர்கள் போகத் தேவையில்லை என்பதுதான் ஏற்பாடு. தோல்வி நெருக்கிய வேளையில் ஆங்கிலப் படைத் தளபதி புல்லர், வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன் என்று சொல்லியனுப்பினார். தயங்காமல் போனார்கள். தூளியில் ஆளைக் கிடத்தி, ஒரே நாளில் 20, 25 மைல் நடந்தார்கள். பிறகு பதக்கம் வந்தது. தலைவர்கள் 37 பேருக்கு மட்டும். ஏர்க்காடு மலைப்பாதையில் வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும் நமக்கு, அந்த நடை எப்படிப்பட்டது என்று தெரியும்.

1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி, தென்னாப்பிரிக்காவில் அன்று ஆங்கிலேயர் ஆண்ட நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். போனவர் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் வரை எழுதிய கப்பல் பட்டியல்கள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சர்ச்சிலுக்கு முழுப்பக்கம் ஒதுக்கிய தாங்கள், இவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். அந்தப் பட்டியல்களில் உள்ள நம் மாவட்டத்து ஊர்களையும் பெயர்களையும் தொடராக வெளியிடுங்கள். ஓமலூரிலோ ஆத்தூரிலோ, கப்பலேறிய முன்னோரைத் தேடும் குடும்பங்கள் தங்களுக்கு எழுதும். பட்டியலைப் படித்துத் தொகுக்கும் வேலையில் உதவ நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
அம்மாபேட்டை, சேலம்.