பிள்ளைக்கு ஓராண்டு, தாய்க்கு 42 நாளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தை நோயுற்றால் ஒரு வயது நிறையும்வரை அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம் என்கிறது ஜனனி சிசு சுரக்ஷா திட்டம். 2011 ஜூனில் தொடங்கியபோது 30 நாளாக இருந்த வரம்பைப் பிறகு ஓராண்டாக நீட்டினார்கள். நல்ல முடிவு. ஆனால் அந்தக் குழந்தையைப் பெற்றவளுக்கான பின்கவனிப்பு நடைமுறையில் 42 நாளோடு நின்றுவிடுகிறது. 2019 அக்டோபரில் வந்த ‘சுமன்’ திட்டம் தாய்க்கு 6 மாதம்வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்று உறுதி கூறியது. ஆயினும் வீட்டுக்கு வந்து பார்க்கும் நாள்கள் 3, 7, 14, 21, 28, 42 என்றே இருக்கின்றன. அதன்பின் 3-வது மாதத்திலிருந்து தொடரும் வருகைகள் பெரும்பாலும் குழந்தையின் எடையையும் உணவையும் பார்ப்பதற்கானவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பிரசவமான நாளிலிருந்து ஓராண்டுக்குத் தாய்க்கெனத் தனித் தொகுப்பு வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

42 நாள் என்பது கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பும் காலம். இதயத்துக்கும் மூளைக்கும் மனதுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது.

பேறுகால இதயத்தசை நோயை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கி, பிரசவமாகி 5 மாதம்வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். படி ஏறினால் மூச்சு வாங்கும். ராத்திரியில் மல்லாந்து படுக்க முடியாது, இருமல் வரும், உட்கார்ந்தால் சற்று ஆறும். பாதம் வீங்கும். வீட்டில் ‘பிள்ளை பெத்த உடம்பு, ரத்தமில்லை’ என்பார்கள். பக்கத்துக் கிளினிக்கில் சோர்வுக்கென்று குளுக்கோஸ் பாட்டில் ஒன்றோ இரண்டோ ஏற்றி அனுப்புவார்கள். ஏற்கெனவே தளர்ந்த இதயத்தால் அந்த நீரைத் தாங்க முடியாது. நுரையீரலில் நீர் கோத்து, அன்றிரவே ஆபத்தாகிவிடும். சந்தேகம் வந்த அன்றே இதயத்தை ஸ்கேன் செய்யும் ‘எக்கோ’ ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும் நோய் இது. மருந்தைத் தொடங்கி ஒழுங்காகச் சாப்பிட்டால் பல பெண்களுக்கு இதயம் பழைய பலத்துக்குத் திரும்புகிறது. அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வரக்கூடும் என்பதால், முழுதாகத் தேறிவிட்டதா என்று சில மாதங்கள் கழித்து இன்னொரு எக்கோவும் எடுக்க வேண்டும். அதற்குள் 42 நாள் எப்போதோ கடந்திருக்கும்.

ரத்த அழுத்தத்திலும் இதே கதைதான். பிரசவமான 3 முதல் 6 நாள்களில்தான் அது உச்சத்துக்குப் போகும், அதாவது பலர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. கொடுத்தனுப்பிய மாத்திரை தீர்ந்ததும், தலைவலி இல்லையே என்று நிறுத்திவிடுகிறார்கள். 160/110-ஐத் தொட்டால் அவசர நிலை; வலிப்பு வரலாம், மூளையில் ரத்தம் கசியலாம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விடாமல் இடிக்கும் தலைவலி மூளைச் சிரைகளில் ரத்தம் உறைவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் வீடுகளில் இந்த அபாயம் கூடுகிறது. தலைக்கு ஊற்றியதால் வந்த தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறிவதில் தமிழகம் முன்னோடி. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் எளிய முறையைப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி.சேஷையா. பிரசவமாகி 6-வது வாரத்தில் அந்தச் சோதனையை வெறும் வயிற்றில் மறுபடி செய்ய வேண்டும். இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். விட்டுப்போவது இந்தச் சோதனைதான். பால்குடிக் குழந்தையோடு பட்டினியாக வந்து இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் அவள் இருப்பதோ தாய்வீட்டில், வேறு மாவட்டத்தில். அன்று இயல்பாக இருந்தாலும் பிற்காலத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பு இவர்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பதால் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நாடு தழுவிய தொற்றா நோய்ப் பரிசோதனையோ 30 வயதில்தான் தொடங்குகிறது. 23 வயதுத் தாய் எந்தப் பதிவேட்டில் இருப்பாள்?

இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் தினமும் ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும் என்பது அரசே வகுத்த விதி. 42 போக மீதி 138 நாளுக்கு மாத்திரை சேர்கிறதா, ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பவர் இல்லை. தைராய்டுக் கோளாறும் முதல் ஆண்டுக்குள் எந்த மாதத்திலும் தலைகாட்டலாம்.

மனச்சோர்வும் அப்படித்தான், ஓராண்டுக்குள் எப்போதும் வரலாம். அதைக் கண்டறிய 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் தமிழிலேயே இருக்கிறது. பத்து நிமிட வேலை. பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது அதைக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். இப்போதைக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையாவது தாய் சேய் நல அட்டையில் பெரிதாக அச்சிடலாம்.

அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீடு, கர்ப்பத்தின் பேரில் சேர்ந்த பெண்களுக்குப் பிரசவமான 60 நாளோடு முடிந்துகொண்டிருந்தது. அங்கே 36 மாகாணங்களில் 2017 முதல் 2019 வரை நேர்ந்த கர்ப்பம் சார்ந்த மரணங்களைக் குழுக்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, 30 சதவீதம் 43-வது நாளுக்கும் ஓராண்டுக்கும் இடையில் நிகழ்ந்தவை என்றும், ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை என்றும் தெரிந்தது. 2021-இல் இயற்றிய சட்டத்தின்படி 2022 ஏப்ரல் முதல் மாகாணங்கள் காப்பீட்டை 12 மாதமாக நீட்டிக்க வழி பிறந்தது. மிகப் பெரும்பாலான மாகாணங்கள் நீட்டித்துவிட்டன. நம்மிடம் இப்படி எண்ணிப் பார்க்கவே வழியில்லை. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு 2018-20-இல் தமிழகத்துக்குச் சொன்ன, லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 54 என்ற மகப்பேறு இறப்பு விகிதம் 42 நாள்வரை நேர்ந்த மரணங்களை மட்டுமே கொண்டது. 50-வது நாளில் இதயம் செயலிழந்து இறந்தவள் அதில் இல்லை.

நம் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம்வரை தருகிறது. சில பரிசோதனைகள் இடம்பெற்றாலும், அடிப்படையில் அது படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. புறநோயாளியாக வரும் தாய்க்கு எக்கோ, சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் சோதனைகள், ரத்த அழுத்த மாத்திரை, மனநல மருத்துவரிடம் சில முறை ஆலோசனை எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பு வேண்டும். அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே என்று கேட்கலாம். எக்கோ வசதியுள்ள இடம் 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், கைக்குழந்தையோடு அவள் போக மாட்டாள். பக்கத்து ஊர்த் தனியார் மையத்தில் காப்பீட்டில் எடுக்க முடிந்தால் போவாள்.

இன்னொரு சிக்கல் ரேஷன் கார்டு. கார்டில் பெயர் இருந்தால்தான் காப்பீடு. புதிதாகத் திருமணமானவளின் பெயர் பிறந்தவீட்டுக் கார்டில் நீக்கப்பட்டிருக்கும், கணவர் வீட்டுக் கார்டில் ஏறியிருக்காது. மூச்சுத்திணறலோடு வந்து சேரும் நாளில்தான் இது தெரியவரும். பிறகு வட்ட வழங்கல் அலுவலகம், வருமானச் சான்று, கலெக்டர் அலுவலகத்துக் காப்பீட்டு மையம் என்று வீட்டார் அலைவார்கள். கர்ப்பம் பதிவாகும்போதே, அதற்கான அரசு இணையதளமான பிக்மி வழியாக ஒவ்வொருவருக்கும் 12 இலக்க ஆர்.சி.எச் எண் கிடைக்கிறது. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது என்பதால் தனியாரில் பிரசவிப்பவர்களிடமும் இருக்கிறது. ஓராண்டுக்கு அந்த எண்ணே காப்பீட்டு எண்ணாக இருக்கட்டும். அதுவரை, கர்ப்பிணிகள் 5-வது மாதத்துக்குள் கார்டில் பெயரைச் சேர்த்துவிடுவது நல்லது.

தாயைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். மடியில் கிடத்திய குழந்தையின் தொடையை ஒரு கையாலும் தலையை மறு கையாலும் பிடித்தபடி தாய் உட்கார்ந்திருப்பாள். சொட்டு மருந்து, ஊசி, அட்டையில் தேதி, காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து, எல்லாம் குழந்தைக்கு. ரத்த அழுத்தக் கருவி அதே மேசையில் மூடிய பெட்டிக்குள் இருக்கும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறோமே, அதற்குள் அவள் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் ஒரு துளி எடுத்து, மூச்சு வாங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுவிடலாம். 6, 10, 14-வது வாரங்கள், 9-வது மாதம் என்று நான்கு முறை அவளாகவே வருகிறாள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் தடுப்பூசியோடு தவணையை இணைத்ததுபோல் இதைத் தாய்க்கு ஒரு நிபந்தனையாக்க வேண்டாம். பார்த்துப் பதிந்தோமா என்ற பொறுப்பு நிலையத்துடையதாக இருக்கட்டும். அழுத்தம் கூடியிருப்பவர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும், வயது பாராமல், அன்றே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பட்டியலில் சேர்த்துவிட்டால் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும்.

பிரசவமான ஓராண்டுக்குள் நேரும் ஒவ்வொரு பெண்ணின் மரணத்தையும் மாவட்டத் தணிக்கைக் குழு ஆராயவும் அரசாணை வேண்டும். அடுத்த காப்பீட்டு ஒப்பந்தத்துக்கான விதிகளை எழுதும்போதே இந்தத் தொகுப்பையும் சேர்க்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மகப்பேறு, கிராம சுகாதாரப் பணியிலுள்ள செவிலியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.