குழலில் கை வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காலபோக விதைப்பு முடிந்து காவல் கொட்டிலில் படுக்கத் தொடங்கிவிட்டோம், அதனால் இதை இப்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. வவுனியா வடக்கில், நெடுங்கேணிப் பக்கத்தில் பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துவக்குகள் சில இருக்கின்றன, எல்லாம் எங்களை விடக் கிழடு. அவற்றை ஆளுக்கொரு விதமாகத் திருத்துகிறோம் என்று கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் அக்காவின் மகன் கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கிறான். அவனும் இதே மாதிரிப் பழைய ஒற்றைக்குழல் ஒன்றை வாங்கிக் காட்டு வான்கோழி வேட்டைக்காகத் திருத்தினான். அந்தப் பறவை அங்கே ஒருகாலத்தில் அடியோடு இல்லாமல் போய், 1984இல் அமெரிக்காவிலிருந்து பிடித்து வந்து விட்டுப் பெருக்கியதாம். அதற்குக் கண் படு கூர்மை, அதனால் துவக்கின் மினுக்கம் தெரியாமல் இலைநிறம் பூசியிருந்தான். தலையும் கழுத்தும்தான் குறி, அவ்வளவு சின்ன இடத்தில் சன்னங்கள் நெருக்கமாக விழ வேண்டும். அதற்கு அவன் வாளையும் அரத்தையும் எடுக்கவில்லை, துவக்கு வேலை படித்த ஒருவரிடம் கொடுத்துக் குழல் வாயில் சோக் (சன்னம் சிதறாமல் வாயைச் சற்று ஒடுக்குவது) பூட்டுவித்தான். அப்புறம் ஒரு தாளில் 30 அங்குல வட்டம் கீறி, 40 யார் (கெஜம்) தள்ளி நின்று சுட்டு, உள்ளே விழுந்த ஓட்டைகளை எண்ணினான்.

என்னையும் எண்ணிப் பார்க்கச் சொன்னான். யூரியா உரப்பை இரண்டை வெட்டித் தைத்து, மண் அணையோடு சாய்த்து, சிறுசன்னத் தோட்டா ஒன்றை வைத்தேன். நல்ல இறுக்கமான சோக் உள்ள குழல் என்றால் 100 சன்னத்தில் 70 அளவு வட்டத்துக்குள் விழ வேண்டும். எனக்கு 40கூட இல்லை! குழல் வாயைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான், பார்த்த உடனேயே சொல்லிவிட்டான், மாமா, இதை யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று. என் கைக்கு வருவதற்கு முன்பு யாரோ ஒருவர், காட்டுக்குள் கொண்டுதிரிய வசதி என்று நினைத்து மூன்று நான்கு அங்குலத்தை வெட்டி எறிந்திருக்கிறார். அந்த இறுக்கம் இருப்பதே குழலின் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில்தான், அதுவும் ஒரு மில்லிமீற்றர் அளவு ஒடுக்கம், அவ்வளவுதான். அது போனால் போனதுதான். இத்தனை வருடமும் பன்றி காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ பற்றைக்குள் கிடந்து சாவதற்கு என் கை நடுக்கம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இப்போது 20 யாருக்குள் வந்தால் மட்டும்தான் விசையில் விரல் வைக்கிறேன்.

திருத்த ஆசை என்றால் மரப்பிடியைத் திருத்துங்கள். என்னுடையது நீளம், தோளில் சரியாகவே இருக்காது. தச்சுவேலை தெரிந்த தம்பி ஒருவர் பழைய முதிரை நிலை ஒன்றில் புதுப்பிடி கடைந்து தந்தார், பின்னால் றப்பர் ஒன்றையும் ஒட்டினோம். முதிரை பாரம் என்பதால் உதைப்பும் குறைந்துவிட்டது. குழல் நுனிக் குமிழில் வெள்ளைப் பெயின்ற் ஒரு பொட்டு வைத்தால் நிலவு வெளிச்சத்திலும் தெரியும்.

எனக்குப் பெரிய பயம் தோட்டாவில். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், இப்போது சாதாரணமாக வருகிற தோட்டா இரண்டேமுக்கால். போட்டால் உள்ளே போகும், துவக்கும் பூட்டும், அதனால் சரிதானே என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் தோட்டாவுக்குச் சொல்கிற அந்த அளவு, அதன் மடித்த வாய் சுட்ட பிறகு விரிந்து நிற்கிற நீளம். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலுக்குள் நெருக்கி அமுக்கம் ஏறும், துருப்பிடித்த குழல் என்றால் முகத்துக்குப் பக்கத்திலேயே பிளக்கவும் கூடும். வான்கோழிக்கென்று மருமகன் பாவிக்கிற மூன்று அங்குலத் தோட்டாவை இந்தக் கிழட்டுத் துவக்குகள் நினைத்தும் பார்க்கக்கூடாது. அலியன் யானை வந்தால் துவக்கை எடுக்கவே வேண்டாம், சத்தம் போட்டு விரட்டுகிற யானை வெடி போதும்.

வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறோம். நான் போன நேரமெல்லாம் இலக்கத்தைப் பார்த்தார்கள், பதிவைப் பார்த்தார்கள், பணம் வாங்கினார்கள், குழலுக்குள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. தோட்டா அறையை அளக்கத் தெரிந்த ஒருவரை வருடத்தில் ஒரு நாள் ஒவ்வொரு கமநல சேவை நிலையத்துக்கும் அனுப்பட்டும். சுடத் தகாதது என்று அவர் சொன்னால் ஒப்படைத்துவிட்டு வேறு துவக்குக்கு விண்ணப்பிக்க வழி செய்யட்டும். என்னுடையதைத்தான் முதலாவதாகக் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
நெடுங்கேணிப் பக்கத்துக் கமக்காரன் ஒருவன்