உள்ள துணி விட்டு தைக்கச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

நேத்து போன்ல நீ எடை 70 கிலோவுக்கு வந்துட்டேன்னு சொன்னப்ப "அப்படியா, சரி"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டேன்ல, அடுப்புல பால் இருக்குன்னு சொன்னது பொய். பாலும் இல்ல ஒண்ணும் இல்ல, எனக்கு பேச வரல, அவ்வளவுதான். திரும்ப கூப்பிட்டா சண்டையில முடியும், வாட்ஸ்அப்ல அனுப்புனா ப்ளூ டிக் விட்டுட்டு போயிருவே. எல்லாரும் படிக்கிற மாதிரி இங்க எழுதுனா தெரியாத மாதிரி வந்து முழுசா படிப்பே, அது எனக்குத் தெரியும். பெரியம்மா வீட்டு ஆளுங்களும் படிப்பாங்க. படிக்கட்டும். அதனால சில விஷயத்தை தொட்டும் தொடாமலும் விட்டுட்டுப் போறேன், உனக்குப் புரியும்.

எடை குறைய நீ போட்டுக்கற ஊசியைப் பத்தி நீ கேட்டது, "இனி ஊசியை நிறுத்திடலாம்ல?" அதுக்கு பதில் சொல்லத்தான் இந்த லெட்டரு, ஆனா நேரா அங்க போக முடியல, வேற ஒண்ணு குறுக்க நிக்குது.

கோபியில அந்த டெய்லர் கடை. ஞாபகம் இருக்கும், இல்லாம எப்படி. நான் 62 கிலோவுக்கு வந்த புதுசு, சித்தப்பா வீட்டு கல்யாணத்துக்கு இருந்த பிளவுஸ் அத்தனையும் ஒரு கட்டைப்பையில அடைச்சு எடுத்துட்டு வந்திருந்தேன், எல்லாம் தொளதொளன்னு கிடந்துச்சு, எனக்கோ அது தொளதொளன்னு இருக்கறதைப் பாக்கப் பாக்க அப்படி ஒரு சந்தோஷம். அண்ணன் டேப் வெச்சுப் பாத்துட்டு, "ரெண்டு பக்கமும் நல்லா பிடிக்கணுமுங்க அம்மிணி, உள்ள மிச்சமாகற துணியை வெட்டிட்டா ஓரம் படிஞ்சு உக்காருமுங்க"ன்னாரு. வெட்டிருங்கன்னேன். நீ பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து ஹூக் டப்பாவை நோண்டிட்டு இருந்தவ, தலையைக் கூட தூக்காம, "வெட்டாதீங்கண்ணா, உள்ளயே விட்டு தைங்க, பொறவு பிரிக்க வேண்டி வந்தா?"ன்னே.

ஓவர்லாக் மெஷின்ல இருந்த அந்தப் பொண்ணு சிரிச்சா. அவ சிரிச்சிருக்காட்டி நான் அப்படி பேசியிருக்க மாட்டேன்னு இப்பவும் தோணுது, சரி, பேசியிருப்பேன். "உனக்குப் பிரிச்சாங்கன்னா எனக்கும் பிரிக்கணுமா"ன்னு கேட்டேன். அந்த வாரந்தான் நீ உன்னோட பிளவுஸை அதே கடையில பிரிக்கக் கொடுத்திருந்தேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். நீ ஒண்ணும் சொல்லல. ஹூக்கை ஒவ்வொண்ணா டப்பாக்குள்ள போட்டு மூடியை அழுத்தி மூடினே. வண்டியில வர்றப்ப கச்சேரிமேடு தாண்டி இளநி கடையில நிறுத்தி எனக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்தே, நான் அதுக்கும் "இதுல எவ்வளவு சர்க்கரை இருக்கும்"னு கேட்டேன், என்ன ஜென்மமோ நான்.

அதுக்கு மன்னிப்பு கேட்கணும்னு பல தடவை நினைச்சிருக்கேன். ஆனா கேட்டா, நீ எனக்கு சாபம் விட்ட மாதிரி எனக்கு அன்னிக்கு ஏன் பட்டுச்சுன்னும் சொல்லணும்ல. 86ல இருந்து 62க்கு வர்றதுக்கு நான் பட்டது உனக்குத் தெரியும், கூடவே இருந்தே. வந்து சேர்ந்த உடனே ஒருத்தி பக்கத்துல உக்காந்துட்டு எப்படியும் எடை திரும்ப ஏறும்னு சொன்னா எப்படி இருக்கும்? அதுவும் ஏறிட்டவ சொன்னா? நீ ஏறினது சோம்பேறித்தனம், வாய்க்கட்டுப்பாடு இல்லன்னு நான் முழுசா நம்பிட்டு இருந்தேன். அந்த வருஷம் உன் வீட்ல என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சும் நம்பினேன். அதை இங்க எழுத வேண்டாம்.

அப்புறம்தான் எனக்கே ஆரம்பிச்சுது. 62ல இருக்கேன், அதே அளவு சோறு, அதே ரேஸ்கோர்ஸ் நடை, ஆனா முள்ளு மெதுவா நகருது. கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த மறுநாள் ஒன்றரை கிலோ ஏறிக் கிடக்கும், அது உப்புல தேங்கின தண்ணிதான், ரெண்டு நாள்ல இறங்கிரும்னு புத்திக்குத் தெரியும், ஆனா காலையில பாத்ரூம் டைல்ஸ் மேல அந்த மெஷினை வெச்சு ஏறி, இறங்கி, கொஞ்சம் தள்ளி வெச்சு மறுபடி ஏறி, நின்னு அழுதிருக்கேன். யார்கிட்ட சொல்றது? இளைக்கிறப்ப ஊரே பாராட்டுச்சு, அளவு நிலையா நின்னதுக்கு அப்புறம் ஒருத்தரும் கேக்கல. கோலம் போட்டா நின்னு பாப்பாங்க, தினம் வாசல் கூட்டுறவளை யாரு பாக்குறா.

அப்ப உக்காந்து படிச்சேன். நீ படிக்க மாட்டே, அதனால நான் சொல்றேன், கேளு. அமெரிக்காவுல தி பிக்கெஸ்ட் லூசர்னு போட்டி போட்டு இளைக்கிற டிவி ஷோ ஒண்ணு. அதுல கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு அப்ப அந்த நாட்டு அரசாங்க ஆராய்ச்சியாளரா இருந்த கெவின் ஹால் டீம் கூப்பிட்டு அளந்து பாத்து 2016ல வெளியிட்டாங்க. சராசரியா 58 கிலோ இறங்கினவங்க, அதுல 41 கிலோ திரும்ப ஏறிடுச்சு. அதை விடு, அந்த உடம்பு சைஸுக்கு சும்மா இருக்கறப்ப எரிய வேண்டிய கலோரியை விட தினமும் 500 கிட்ட கம்மியா எரியுது, ஆறு வருஷம் கழிச்சும். 500ன்னா என்னோட ராத்திரி சாப்பாடு முழுசும். மெல்போர்ன்ல 2011ல ஒரு ஆய்வு, இளைச்சு ஒரு வருஷம் ஆனவங்களுக்கும் பசியைத் தூண்டுற கிரெலின்ங்கற ஹார்மோன் ஏறியேதான் இருக்கு, வயிறு போதும்னு சொல்ல வைக்கிற ஹார்மோன் பலதும் இறங்கியேதான் இருக்கு. கொழுப்பு கரைஞ்சா அதுல இருந்து வர்ற லெப்டின்ங்கற ஹார்மோனும் குறையும், மூளை பஞ்சம் வந்துருச்சுன்னு முடிவு பண்ணி சேத்து வைக்கப் பாக்கும். இதைப் படிச்ச ராத்திரி எனக்கு உன் ஞாபகந்தான் வந்துச்சு, மணி பன்னெண்டு, கூப்பிடலாம்னு எடுத்தேன், கூப்பிடல.

ஆனா நீயும் ஒண்ணும் சும்மா இல்லக்கா. அம்மா வீட்டுல பந்தி மாதிரி எல்லாரும் உக்காந்திருக்கப்ப "இவளுக்கு தராசு கொண்டாங்க, சோறு நிறுத்துத்தான் போடணும்"னு சொன்னது யாரு? அம்மா ஒப்புட்டு தட்டுனா எனக்குன்னு ஒண்ணு சின்னதா தட்டி வெப்பாங்க, அதையும் "அது பாப்பாவுக்கு"ன்னு எடுத்து உன் பேத்திக்கு கொடுத்துட்டு சிரிச்சே. அத்தனை பேரும் சிரிச்சாங்க. "அவளுக்கு உடம்பு வாகு அப்படி"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கே. வாகா? அஞ்சு மணிக்கு நாய் துரத்துற இருட்டுல நடக்கறது வாகா? கல்யாண வீட்டுல பாயாசத்தை இலையில ஊத்தறதுக்குள்ள கைய குறுக்க வைக்கிறது வாகா?

2025 மார்ச்ல மவுன்ஜாரோங்கற அந்த ஊசி இங்க வந்து, கொஞ்ச நாள்ல நீ டாக்டரைப் பாத்து ஆரம்பிச்சே. நான் மாமாகிட்ட சொன்னது உன் காதுக்கு வந்துருச்சுன்னு தெரியும். அதையும் இங்க திருப்பி எழுதல, மாமா படிப்பாரு. ஆனா ஏன் சொன்னேன்னு சொல்றேன். மூணாவது வாரமோ என்னவோ நீ போன்ல, ரொம்ப சாதாரணமா, "சோத்து நெனப்பே வர மாட்டேங்குது அம்மிணி, மண்டைக்குள்ள அமைதியா இருக்கு"ன்னே. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன்னா எனக்கு அது ஒரு நாளும் அமைதியானதில்ல. ஆபீஸ்ல பதினோரு மணிக்கு மீட்டிங்ல உக்காந்திருப்பேன், யாரோ கேபின்ல முறுக்கு டப்பா திறக்கற சத்தம் கேக்கும். நீ ஒரு ஊசியில அந்த சத்தத்தை நிறுத்திட்டே. குறுக்கு வழின்னு நான் சொன்னது அந்த வயித்தெரிச்சல்ல. இப்பவும் முழுசா போகல, பொய் சொல்ல மாட்டேன்.

சரி, உன் கேள்வி. நீயா நிறுத்தாதே. மவுன்ஜாரோவுக்குள்ள இருக்கற உன் மருந்து டிர்செபடைட்டை வெச்சே ஒரு ஆய்வு 2023 கடைசில வந்துச்சு. 36 வாரம் எல்லாருக்கும் ஊசி, அப்புறம் பாதிப் பேருக்கு சொல்லாம மருந்து இல்லாத வெறும் ஊசியா மாத்திட்டாங்க. அடுத்த ஒரு வருஷத்துல அவங்களுக்கு 14 சதவீதம் எடை ஏறிடுச்சு. மருந்தைத் தொடர்ந்தவங்களுக்கு இன்னும் 5 சதவீதம் சொச்சம் இறங்குச்சு. அவங்க யாரும் சோம்பேறிங்க இல்ல. நான் உன்னைச் சொன்ன மாதிரி யாரும் அவங்களைச் சொல்லிர முடியாது. பிபி நார்மல் ஆயிருச்சு, இனி எதுக்குன்னு அப்பா மாத்திரையை அவராவே நிறுத்தினாருல்ல. அதுக்கு மேல எழுத என்னால முடியாது. டோஸைக் குறைக்கலாமா, இப்படியே போகலாமா, செலவுக்கு என்ன பண்றது, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட கேப்போம், நானும் வர்றேன். என் வாய்க்குப் பயந்து ஊசி இல்லாம இருந்து காட்டறேன்னு மட்டும் கிளம்பாதே, அப்படித்தான் நீ ஏதோ கணக்கு போட்டிருக்கேன்னு எனக்கு சந்தேகம்.

நானும் ஒரு முடிவு பண்ணிட்டேன், உனக்குத்தான் முதல்ல சொல்றேன் (உனக்கும், படிக்கிற அத்தனை பேருக்கும்). 62ஐ விட்டுட்டேன். 65ல நிக்கறேன். என் 158 சென்டிமீட்டருக்கு 65ன்னா பிஎம்ஐ 26, நம்ம ஊரு கணக்குல 25 தாண்டினா ஒபிசிட்டி, அதெல்லாம் தெரியும். இடுப்பு 80க்கு உள்ள இருக்கு, சுகர் நல்லா இருக்கு, டாக்டரும் இதுலயே நில்லுங்கன்னாரு. 62ல நிக்கறதுக்கு நான் மனுஷியாவே இருக்க முடியல. 65ன்னா ஞாயித்துக்கிழமை அரிசிம்பருப்பு சாதத்துல நெய் ஊத்திக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவைதான் மெஷின்ல ஏறுறேன், அதுவே போதுமா இருக்கு. டெய்லர் அண்ணன் அன்னிக்கு என் பேச்சைத்தான் கேட்டாரு, மொத்தத்தையும் வெட்டிட்டாரு. இப்ப அதுல ஒண்ணும் எனக்கு ஏறல, புதுசா தைக்கக் கொடுத்திருக்கேன், கூலியைக் கேட்டா தலை சுத்துது, நீ சிரிச்சுக்கோ.

வர்ற ஞாயிறு கோபி வர்றேன். ஊசி போட்டு இளைச்சா கொழுப்போட சேந்து சதையும் கரையும், அதனால முட்டை, பயறுன்னு புரோட்டீன் சாப்பிடணும், வெயிட்டும் தூக்கணும். உன் வீட்டு பரண்ல என்னோட டம்பெல் ரெண்டு கிடக்கு, போன தடவையே கேட்டேன், இறக்கி தூசி தட்டி வை. எனக்குத் திருப்பித் தர வேண்டாம், நீயே வெச்சுக்கோ, ஆனா தூக்கணும், கதவுக்கு முட்டுக் கொடுக்க வெச்சேன்னு பாத்தேன்னா எடுத்துட்டு வந்துருவேன். சோறு பண்ணி வை. எவ்வளவு போட்டுக்கறேன்னு அம்மா முன்னாடி ஒரு வார்த்தை பேசினே, அப்படியே பஸ் ஏறிருவேன்.

உன் தங்கச்சி