பத்து தலை, ஒரே முகம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் நுவரெலியால ஆட்டோ ஓட்டுறேன். 16 வருசமா உங்க காமிக்ஸ் வாசிக்கிறேன், ஒரு நாளும் கடிதம் போட்டதில்ல, இப்ப போட வெச்சுட்டீங்க.

இராவணன் ஸ்பெஷல்னு மூணு மாசமா பின்னட்டையில விளம்பரம் போட்டீங்கல்ல, அத பாத்துட்டு டவுன்ல புத்தகக் கடைக்காரர்ட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சு, வந்த அன்னைக்கே 900 ரூபா குடுத்து வாங்கி, சீத்தாஎலிய கோயில் வாசல்ல ஹயர் ஆளுங்க உள்ள போன நேரத்துல ஒரே மூச்சுல முடிச்சேன். முடிச்சுட்டு மறுபடி பொரட்டுனேன், நடுவுல பக்கம் ஏதும் ஒட்டிக்கிட்டிருக்கோன்னு. அப்பிடி ஒண்ணும் இல்ல. 64 பக்கத்துல இராவணன் வர்றது 11 பக்கம் தான், அதுலயும் பாதி "ஹா ஹா ஹா". மிச்சம் பூரா குரங்குப்படை பாறை தூக்குறது.

ராத்திரி மகன் பாத்துட்டு கேட்டான், ஏன்ப்பா பத்து தலையும் ஒரே ஆளா இருக்குன்னு. அப்பதான் நானும் கவனிச்சேன். ஒரு தலைய வரைஞ்சு ஒம்பது தடவ ஒட்டியிருக்காங்க, இடது புருவத்துல இருக்க வெட்டுத் தழும்பு கூட பத்துலயும் அப்பிடியே இருக்கு. பத்துல ஒண்ணு யோசிக்கலாம், ஒண்ணு அழலாம், ஒண்ணு வீணைய கேட்டு கண்ண மூடிக்கலாம், பத்தும் பல்லக் கடிச்சா எப்பிடி?

அடுத்து அந்த அசோகவனம். சீதைய தென்னை மரத்தடியில உக்கார வெச்சிருக்கீங்க. கதைப்படி அந்த வனம் எங்க இருந்துச்சுன்னு நான் சண்டைக்கு வரல, ஆனா எங்க ஊர்ல ஆத்தோரமா சீதை அம்மன் கோயில், பாறையில அனுமார் பாதம்னு காட்டுற குழி, கொஞ்சம் தள்ளி ஹக்கல மலை, எல்லாம் அந்த கதைய வெச்சுத்தான். 2024 மே மாசம் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியில இருந்து சரயு தண்ணியே வந்துச்சு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இங்க தென்னை எங்க காய்க்கிறது? இந்தியாவுல இருந்து வர்ற ஆளுங்க ஆட்டோவ விட்டு எறங்குனதும் சால்வைய இழுத்து மூடிக்கிட்டு, இந்த குளிர்லயா அந்தம்மா இருந்தாங்கன்னு கேப்பாங்க. அந்த ஒரு கேள்விய வரைஞ்சிருந்தா போதும்யா.

ஆனா எனக்கு தாங்க ஏலாம போனது வேற. முதல் நாள் சண்டையில தேர், ஆயுதம் எல்லாம் போயி நிக்கிறவர இராமர் "இன்று போய் நாளை வா"ன்னு அனுப்புற இடம் இருக்கே, அத ஒரு சின்னக் கட்டத்துல போட்டு தாண்டிட்டீங்க. ஏ/எல் (உயர்தரம்) படிக்கிறப்ப எங்க தமிழ் சேர் அந்த இடத்துக்கு மட்டும் ரெண்டு பாடவேளை எடுத்தாரு. வெறுங்கையோட அரண்மனைக்கு வந்தவரு வானம் சிரிக்கும் பூமி சிரிக்கும் எதிரி சிரிப்பான்னு வெக்கப்படல, சானகி சிரிப்பாளேன்னு தான் குன்றிப் போறாருன்னு கம்பர் சொல்றாரு. ஒரு வில்லனுக்கு இதவிட பெரிய சீன் என்ன வேணும்? நாலு பக்கம் வசனமே இல்லாம வரைஞ்சிருக்கலாம்.

அவர சும்மா அரக்கன்னு மட்டும் பாக்க ஏலாதுங்க. சம்பந்தர் கூட பதிகத்துக்கு பதிகம் எட்டாவது பாட்டுல அவர கைலாயத்துக்கு அடியில நசுக்குவாரு, ஆனா "இராவணன் மேலது நீறு", அதாவது இராவணன் பூசுனதும் திருநீறுன்னு பாடுனதும் அதே சம்பந்தர் தான். எங்க ஸ்டாண்ட்ல இருக்க சிங்கள கூட்டாளி அட்டைய பாத்துட்டு, எங்க ராஜாவ ஏன்டா இப்பிடி ரவுடி மாதிரி போட்டிருக்காங்கன்னு கேட்டான். 2019-ல விண்வெளிக்கு போன நம்ம நாட்டோட முதல் செயற்கைக்கோளுக்கே இராவணா-1னு தானே பேரு வெச்சாங்க. அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது, நானா வரைஞ்சேன்?

1940-ல பேட்மேன் முதல் இதழ்லயே ஜோக்கர் செத்துப்போறதா தான் எழுதியிருந்தாங்க, எடிட்டர் விட்னி எல்ஸ்வொர்த் தான் இந்த ஆள விடக்கூடாதுன்னு கடைசியில ஒரு கட்டம் சேக்க சொல்லி உசுரோட வெச்சாரு. அந்த கட்டம் இல்லாட்டி இவ்வளவு வருசம் ஜோக்கர் ஏது? வில்லன காப்பாத்துறது ஆசிரியர் வேலை தான் ஐயா, அதனால தான் வரைஞ்சவருக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறேன்.

கலர் அச்சு நல்லா இருந்துச்சு, தாளும் நல்ல தாள், அதுக்கு நன்றி.

அடுத்தது கும்பகர்ணன் ஸ்பெஷல்னு போட்டிருக்கீங்க. தம்பி விபீஷணன் வந்து எங்க பக்கம் வந்துருன்னு கூப்பிடுறதும், இவரு அண்ணன விட்டு வரமாட்டேன்னு சொல்றதும் இருக்கு, தயவுசெஞ்சு அத சின்னக் கட்டத்துல அடைச்சிராதீங்க. கடைக்காரர்ட்ட ஒரு புக்குக்கு காசு குடுத்து வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு ஆட்டோக்காரன்,
நுவரெலியா