தரம் 2 ஆசிரியையைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது என்று எங்கள் பாடசாலையின் தரம் 2 ஆசிரியையைத் தரம் 5 இற்கு மாற்றச் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். இப்போது தரம் 1, தரம் 2 இரண்டும் ஒரே மண்டபத்தில், என் பொறுப்பில். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு ஆசிரியர் பற்றாக்குறை புதிதில்லை. ஒரு விடயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தரம் 2 இல் ஒரு பிள்ளை. புத்தகத்தைத் திறந்தால் மடமடவென்று வாசிப்பான். அண்மையில் வந்த மேற்பார்வைக் குழுவும் "நல்லா வாசிக்கிறானே" என்று எழுதிக்கொண்டு போனது. அவர்கள் போன பிறகு, அதே பக்கத்தில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு 'கொக்கு' என்ற சொல்லைத் தொட்டுக் கேட்டேன். முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் அவனுக்கு அந்தச் சொல் வருகிறது. தனியாகக் கேட்டால் கூரையைப் பார்க்கிறான். முழுப் பக்கமும் மனப்பாடம்.

பிள்ளையில் பிழை இல்லை. 'கொ'வில் கொம்பு (ெ) முன்னால், அரவு (ா) பின்னால். ஓசையிலோ 'க்' முதலில் வந்து பிறகுதான் 'ஒ' வருகிறது. 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் எழுதுவது ஒரே 'க'. வாயில் வருவது மூன்று ஓசை. 247 எழுத்தையும் சுவரில் ஒட்டிவிட்டு வரிசையாகக் கத்தச் சொன்னால் இதெல்லாம் பிடிபடாது. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் இருத்தி, சொல்லை ஓசை ஓசையாகப் பிரித்து, மறுபடி சேர்த்துச் சொல்ல வைக்க வேண்டும். நீங்கள் மாற்றிய ஆசிரியை அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு என்னால் முடிந்தது, கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுத விடுவது. கொப்பிகள் எல்லாம் அழகாக நிறைந்திருக்கின்றன, வந்து பார்க்கலாம்.

மட்டக்களப்பு நகரில் ஆங்கிலத்துக்குப் போனிக்ஸ் வகுப்பு, அதாவது எழுத்தின் ஓசையைச் சொல்லி வாசிக்கப் பழக்கும் வகுப்பு என்று மதிலுக்கு மதில் விளம்பரம். காசுள்ளவர்கள் அனுப்பட்டும். வயல் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்குத் தமிழை எழுத்துக்கூட்டிக் காட்ட எங்களை விட்டால் யார்? பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளி தாண்டியவர்களுக்கு மாலை போட்டுப் படம் எடுப்போம். வினாவையே வாசிக்கத் தெரியாமல் பரீட்சை மண்டபத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒரு பதாகை அடிக்கலாம். அவர்களும் நம் தயாரிப்புத்தானே.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததைக் கேட்கிறேன். தரம் 2 ஆசிரியையைத் திருப்பித் தாருங்கள். ஆண்டு நடுவில் தரம் 1, 2 ஆசிரியர்களைப் பரீட்சை வகுப்புக்கு எடுக்கக் கூடாது என்று அதிபர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். தரம் 5 இற்கு ஆள் வேண்டுமென்றால், செயலமர்வு இல்லாத நாட்களில் ஆசிரிய ஆலோசகர்களை அனுப்பலாம். அடுத்த தவணை தொடங்க முன்னர் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
படுவான்கரைப் பாடசாலையொன்றின் ஆரம்பப் பிரிவு ஆசிரியை